தஞ்சாவூர்ப் படங்களில் தங்க ரேக்கு

தஞ்சாவூர்ப் படத்தில் கண்ணை முதலில் கவர்வது பொன்னொளியே. ஆதலால், சித்திரத்தை முழுவதும் தீட்டி முடித்த பின்னர் அலங்காரத்தின் பொருட்டுத் தங்க ரேக்கை ஒட்டியிருப்பார்கள் என்று எண்ணுவோர் பலர். நிகழ்வதோ நேர்மாறு: ரேக்கு ஒட்டிய பிறகே வண்ணம் ஏறுகிறது.

1565-ல் தலைக்கோட்டைப் போரினால் விஜயநகர சாம்ராஜ்யம் நிலைகுலைந்தபின் ஆதரவு நாடித் தெற்கே வந்த சித்திரக்காரர்கள் தஞ்சை நாயக்க மன்னர்களின் நிழலில் வாழ்ந்தார்கள். பின்வந்த மராட்டியர் ஆட்சியில், விசேஷமாக 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜி மகாராஜாவின் காலத்தில், இக்கலை பூரணப் பொலிவு பெற்றது.

பலாப் பலகைமேல் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப் பூச்சுப் பூசி, உலர்ந்தபின் வழவழப்பாகத் தேய்த்து, உருவத்தைக் கோட்டால் வரைந்துகொள்வார்கள். பிறகு சுக்கான் பொடியைப் பிசினோடு குழைத்துத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, கிரீடமும் ஆரமும் தூணும் திருவாசியும் புடைப்பாக எழும்படி செய்து, கற்களைப் பதிப்பார்கள். அம்மேடுபள்ளங்களில் பிசின் தடவி, ரேக்கை விரித்து, மழுங்கிய குச்சியால் பள்ளம் பள்ளமாக அழுத்திக்கொண்டே போக, அதுவரை வெறும் தகடாய்க் கிடந்த பொன்னில் ஆரத்தின் ஒவ்வொரு மணியும் தனித்தனியே துலங்கிவரும். மிகுந்த ஓரங்களைக் கத்தியால் நறுக்கி நீக்கிய பின்னரே வண்ணக் கிண்ணத்தைத் தொடுவார்கள்.

மைசூர்ச் சித்திரங்களும் இதே விஜயநகர மரபில் வந்தவையே. ஆனால் அவற்றில் புடைப்புத் தாழ்ந்தது, ரேக்கும் மெல்லியது. அவை அருகிருந்து நோக்கி ரசிக்கத்தக்கவை. வெளிச்சம் குறைந்த பூஜையறையில், எட்ட நின்று கைகூப்புபவனுக்கு ஒற்றை அகல்விளக்கின் சுடரில் ஆலிலைக் கிருஷ்ணனைக் காட்ட வேண்டுமாயின், தஞ்சையின் உயர்ந்த புடைப்பும் கனத்த பொன்னுமே தகுந்தவை என்பது என் துணிபு. வெள்ளி கறுக்கும், செம்பு களிம்பேறும். பொன்னுக்கு அந்தக் குறை இல்லை.

1855-ல் அரச வம்சத்தில் ஆண் வாரிசு அற்றுப்போக, கிழக்கிந்தியக் கம்பெனியார் ஸம்ஸ்தானத்தைக் கைக்கொண்டனர். அரச ஆதரவு அற்ற பின் செட்டிநாட்டுத் தனவணிகர் முதலானோரின் வீடுகள் இக்கலையைத் தாங்கின. 1894-ல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் மலிவான வண்ணப் படங்கள் வீடுதோறும் புகுந்தபோது சித்திரக்காரர்களின் ஜீவனம் மிகவும் தளர்ந்தது. ஆயினும் பொன்னை விட்டு மக்கள் மனம் அகலவில்லை. அவ்வச்சுப் படங்களின் தேவியருக்கு ஜரிகையாலும் ஜிகினாவாலும் புடவையும் நகையும் தைத்தும் ஒட்டியும் பூட்டினார்கள்.

இந்நூற்றாண்டில் புவிசார் குறியீடு பெற்றுவிட்ட இக்கலையில், பலாப் பலகையின் இடத்தை ஒட்டுப்பலகை பிடித்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். போலி ரேக்கைப் பொறுக்க இயலாது. நாளடைவில் அது கறுக்கும்போது, அடியிலிருக்கும் சுக்கான் வேலைக்கும் அதையொட்டித் தீட்டிய வண்ணத்துக்கும் ஊறு நேராமல் அதை மட்டும் உரித்தெடுத்து மாற்றுவது மிகக் கடினம்.