கல்பாக்கம்: சிவப்பா, பச்சையா?

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் கொட்டேஷன் மென்பொருளில் தடைப் பட்டியல் சோதனை எழுதிக்கொண்டிருந்தேன். சேல்ஸ்காரர் வாடிக்கையாளர் பெயரை அடித்ததும், அது அமெரிக்க வணிகத் துறையின் ‘என்டிட்டி லிஸ்ட்’ போன்ற பட்டியல்களில் இருக்கிறதா என்று ப்ரோகிராம் பார்க்கும். இருந்தால் கொட்டேஷன் நின்றுவிடும். நம்ம ஊர் கம்பெனிக்கு அமெரிக்கச் சட்டம் எதுக்குன்னு கேட்கலாம். அங்கிருந்து வந்த கருவிக்கும் தொழில்நுட்பத்துக்கும், இங்கே கைமாறும்போதும் அந்தச் சட்டம் பொருந்தும்.

டெஸ்ட் பண்ண, கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பெயரை அடித்தேன். 2024-இல் இறக்கி வைத்திருந்த பட்டியலில் சிவப்பு. இப்போதைய பட்டியலில் பச்சை. செங்கல்பட்டு தாண்டினால் வந்துவிடும் ஊர். நடுவில் என்ன நடந்தது என்று தேடிப் போனேன்.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. அந்த நவம்பரில் அமெரிக்கா நம் அணு, விண்வெளி, பாதுகாப்பு நிறுவனங்கள் பலவற்றைப் பட்டியலில் ஏற்றியது. கல்பாக்கமும் அதில் ஒன்று. அதே 1998-இல்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாரிக்கத் தொடங்கியது. உலகச் சந்தைக்குள் ஒரு ஊர் நுழைந்த வருஷம், பக்கத்து ஊருக்குக் கதவு சாத்தப்பட்டது.

கல்பாக்கத்துக்கு இது புதுசு இல்லை. 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு, அங்கே கட்டிக்கொண்டிருந்த வேக ஈனுலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் தர பிரான்ஸ் மறுத்துவிட்டது. நம்மவர்கள் யுரேனியம்-புளுட்டோனியம் கலந்த கார்பைடு எரிபொருளைச் செய்து, 1985 அக்டோபரில் உலையை இயங்கவைத்தார்கள்.

2008-இல் இந்திய-அமெரிக்க அணு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2011 ஜனவரியில் இஸ்ரோ, டிஆர்டிஓ-வின் சில பிரிவுகள் பட்டியலிலிருந்து நீங்கின. கல்பாக்கத்தின் பெயர் நீங்கியது 2025 ஜனவரியில்தான். கிட்டத்தட்ட 26 வருஷம்.

இதைப் படித்ததும் என் கோடில் இருந்த ஓட்டைகள் தெரிந்தன. ‘ஆம்/இல்லை’ என்று மட்டும் சேமித்திருந்தேன். எந்தத் தேதிப் பட்டியலைப் பார்த்தோம் என்பதைச் சேமிக்கவில்லை. 90 நாள் செல்லும் கொட்டேஷனுக்கு விலை போட்ட அன்று மட்டும் பார்த்தால் போதாது. ஆர்டர் வரும்போதும் சரக்கு கிளம்பும்போதும் பார்க்கணும். பெயரும் மாறும். 1971-இல் தொடங்கிய இந்த மையத்துக்கு 1985 வரை ‘ரியாக்டர் ரிசர்ச் சென்டர்’ என்றுதான் பெயர். பழைய ஃபைலில் அந்தப் பெயர் இருந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் ப்ரோகிராம் கோட்டை விட்டுவிடும்.

கடைசியாகத் திரையில் வரும் வாசகத்தையும் மாற்றினேன். முன்பு ‘தடை செய்யப்பட்ட வாடிக்கையாளர்’ என்று இருந்தது. இப்போது ‘இன்ன தேதிப் பட்டியலில் இந்தப் பெயர் உள்ளது, லைசென்ஸ் தேவையா என்று பார்க்கவும்’ என்று வருகிறது. பக்கத்து ஊர்க்காரர்களைக் குற்றவாளி மாதிரிக் காட்டும் வரியை எழுத எனக்கு மனசு வரவில்லை.