இரண்டாம் விக்கெட் கீப்பர்

கிரிக்கெட் அணியின் முதல் கீப்பர் காயம்பட்டாலோ ஓய்வெடுத்தாலோ அவரிடத்தில் இறங்குவதற்காக அணியோடு கூட்டிச் செல்லப்படும் வீரரே இரண்டாம் விக்கெட் கீப்பர். பந்துவீச்சாளர்கள் நாலைந்து பேருக்கு ஆட்டத்தில் இடமுண்டு. கிளவுஸ் மாட்ட ஒருவருக்குத்தான் இடம். ஆகவே இரண்டாமவர் மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருக்க நேரும். இவரைத் தேர்ந்தெடுப்பதில் தீராத வாதம் ஒன்று உண்டு: மட்டையின் பலத்தைப் பார்ப்பதா, கையின் சுத்தத்தைப் பார்ப்பதா?

ஆட்டத்தின் நடுவே மாற்று ஆளாக வருபவர் கீப்பிங் செய்வதை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு தடுத்திருந்தது. 2017 அக்டோபரில் வந்த புதிய தொகுப்பு, நடுவர்கள் சம்மதித்தால் செய்யலாம் என்றது. அப்படி வருபவர் மட்டை பிடிக்க முடியாது என்பதால் அங்கே சிக்ஸர் அடிக்கும் திறமைக்கு வேலையே இல்லை. 2021 நவம்பரில் கான்பூர் டெஸ்டில் விருத்திமான் சாஹாவின் கழுத்து பிடித்துக்கொண்டபோது கே.எஸ். பரத் இறங்கினார். சுழலும் தாழ்வும் நிறைந்த ஆடுகளத்தில், அஸ்வின், அக்சர் படேல் பந்துகளில் இரண்டு கேட்ச்சும் ஒரு ஸ்டம்பிங்கும் அவர் கைக்கு வந்தன. இதைவிட வியப்பானது 1986-இல் லார்ட்ஸில் நடந்தது. இங்கிலாந்தின் புரூஸ் பிரெஞ்ச் அடிபட்டு வெளியேற, ஓய்வுபெற்றிருந்த 45 வயது பாப் டெய்லர், விருந்தினர் கூடாரத்திலிருந்து வந்து நியூசிலாந்து கேப்டனின் சம்மதத்தோடு கீப்பிங் செய்தார். கை சுத்தம் வயதானாலும் போவதில்லை என்பதற்கு இதுவே போதுமான சான்று.

தமிழ்நாட்டின் முதல் பெரிய உதாரணம் பரத் ரெட்டி. சையது கிர்மானியின் நிழலில் இருந்தவர், 1979 இங்கிலாந்துப் பயணத்தில் கிர்மானி விடப்பட்டதால் வெங்கட்ராகவன் தலைமையில் 4 டெஸ்ட் ஆடினார். எடுத்தது மொத்தம் 38 ரன். நல்ல கீப்பர்தான், ஆனால் கிர்மானி திரும்பியதும் ரெட்டிக்கு அடுத்த டெஸ்ட் கிடைக்கவேயில்லை. கை மட்டும் சுத்தமாக இருந்தால் அழைப்பு வரும், இடம் நிலைக்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

தினேஷ் கார்த்திக்கின் கதை நீளமானது. 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் அவர் ஆடிய முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே மைக்கேல் வாகனை ஸ்டம்பிங் செய்தார். அடுத்த ஆண்டு கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக 93 அடித்தும் ரன்கள் தொடர்ந்து வரவில்லை. 2005 டிசம்பரில் எம்.எஸ். தோனி தன் முதல் டெஸ்டை ஆடியது சென்னையில். இடம் பறிபோனது கார்த்திக்குக்கு, அதுவும் சொந்த ஊர் மைதானத்தில். அன்று தோனியை மேலே கொண்டுபோனது மட்டையின் முரட்டு பலம் என்பதை மறுக்க முடியாது.

கார்த்திக்கிடம் அந்த பலம் இல்லை. அதற்குப் பதில் எந்த இடத்திலும் இறங்கும் மனதை வளர்த்துக்கொண்டார். 2007 ஜனவரியில் கேப்டவுனில் தோனி காயப்பட்டிருக்க, கார்த்திக் கீப்பிங்கும் செய்து தொடக்க ஆட்டக்காரராகவும் இறங்கி 63 எடுத்தார். அதே ஆண்டு டாக்காவில் 129. இங்கிலாந்தில் 3 டெஸ்டில் 263 ரன் எடுத்து, இந்தியா வென்ற அந்தத் தொடரில் நம் அணியின் முதல் ரன் குவிப்பாளர் ஆனார். தோனி கீப்பராக இருக்கும்போதே அணியில் இடம்பிடித்த இரண்டாம் கீப்பர் அவர். பிறகு மறுபடி இருட்டு: 2010 ஜனவரிக்கும் 2018 ஜூனுக்கும் நடுவே இந்தியா ஆடிய 87 டெஸ்டுகளில் அவர் இல்லை. திரும்பியபின் இங்கிலாந்தில் இரண்டு டெஸ்டில் 21 ரன்தான். மூன்றாவதில் வந்த ரிஷப் பந்த், தன் முதல் ரன்களையே சிக்ஸராக எடுத்தார். மொத்தம் 26 டெஸ்ட் என்ற கணக்கில் கார்த்திக்கின் அந்தப் பக்கம் முடிந்தது.

டி20-இல் கதை வேறு. 2018 மார்ச் 18 அன்று கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். தனக்கு முன் விஜய் சங்கர் அனுப்பப்பட, கார்த்திக் ஏழாவதாக இறங்கினார். 12 பந்தில் 34 தேவை. வங்கதேசப் பந்துவீச்சாளர் ரூபல் ஹொசைன் ஓவரில் 22. கடைசிப் பந்தில் 5 தேவை. எக்ஸ்ட்ரா கவர் மேலே தட்டையாகப் பறந்தது சிக்ஸர். 8 பந்தில் 29. கடைசிப் பந்துக்கு முந்தைய பந்தில் ஆட்டமிழக்கும்வரை எதிர்முனையில் நின்ற விஜய் சங்கர் திருநெல்வேலியில் பிறந்தவர்.  இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் அந்த இரவு நமக்கு இன்னும் நெருக்கமாக நினைவில் நிற்கிறது. 2022 ஐபிஎல்-இல் பெங்களூரு அணிக்காக 183.33 ஸ்ட்ரைக் ரேட்டில் 330 ரன் எடுத்த கார்த்திக், 37 வயதில் டி20 உலகக் கோப்பைக்குப் போனார். பந்துவீச்சாளர் எங்கே போடுவார் என்று முன்கூட்டியே கணித்து நகர்ந்ததுதான் அவருடைய பலம். தோள் பலம் அதற்குப் பிறகே வருகிறது.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் மாற்று ஆளைப் பற்றியும் இதே சண்டைதான்: எவ்வளவு தூரம் எறிவார்? கார்த்திக்கின் சிக்ஸருக்கு ஆறு வாரம் முன்பு, 2018 பிப்ரவரி 4-இல், முதல் ஆட்டக்காரர் கார்சன் வென்ட்ஸ் காயத்தில் ஒதுங்கியதால் ஆடிய நிக் ஃபோல்ஸ், பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தை 41-33 என வென்று கொடுத்தார். உட்கார்ந்திருந்த காலத்தில் ஆட்டத் திட்டம் முழுவதும் மனதில் ஏறியிருந்ததே அவர் கையிருப்பு.

தமிழ்நாட்டு இரண்டாம் கீப்பர்களின் வரிசையில் தற்போது நிற்பவர் நாராயண் ஜெகதீசன். 2022-இல் விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தவர். 2025 ஜூலையில் ரிஷப் பந்தின் கால் முறிந்தபோது ஓவல் டெஸ்டுக்கு அழைக்கப்பட்டார். ஆடியவர் துருவ் ஜுரெல்.

நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பயிற்சியாளர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) பார்த்துவிட்டு வரும் பையன்கள் சிக்ஸர் அடிப்பதையே கேட்பார்கள். இருபது ஓவர் ஆட்டத்துக்கு அது சரி. நீண்ட ஆட்டத்துக்கு இரண்டாம் கீப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது, சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்க வைத்து முதலில் அவன் கையைப் பாருங்கள். மட்டையைப் பிறகு பார்க்கலாம்.