காலிபங்கனில் ஒரு நண்பகல்

டிசம்பர் 25-ஆம் நாள் காலை. ராஜஸ்தானின் வடகோடியில் உள்ள பீலிபங்கா ரயில் நிலையத்தில் இறங்கியபோது பத்தடிக்கு அப்பால் நின்றவர் முகம் தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. பாலைநிலம் என்றால் வெயில்தானே என்று நம்பி மெல்லிய சட்டையோடு புறப்பட்டவன் நான். இயற்பியல் ஆசிரியனுக்கு இது அழகல்ல! நிலையத்துக்கு எதிரே இருந்த கடைக்காரர் என் நடுக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு கம்பளிப் போர்வையை விற்றார்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், வறண்டு கிடக்கும் கக்கர் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது காலிபங்கன். 'கறுப்பு வளையல்கள்' என்பது பெயரின் பொருள். மேட்டில் நடந்தால் காலடியில் சுடுமண் வளையல் துண்டுகள் தட்டுப்படுகின்றன. 1960 முதல் 1969 வரை பி.பி. லால், பி.கே. தாப்பர் ஆகியோர் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியது. மேலே இருந்தது ஹரப்பா நாகரிக நகரம்; அதற்கும் அடியில் அதனினும் பழைய ஊர் ஒன்று. கி.மு. 2600-ஐ ஒட்டி நேர்ந்த ஒரு நிலநடுக்கத்தின் தடயமும் அந்தப் பழைய ஊரில் காணப்பட்டது. இங்கே கிடைத்த கரித்துண்டுகளின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அளந்தனர்.

ஆனால் நான் தேடி வந்தது நகரத்தை அன்று, ஒரு வயலை.

பழைய ஊரின் தென்கிழக்கே, மதிலுக்கு வெளியே, உழுத நிலம் ஒன்று உழவுசால்கள் அழியாமல் கண்டெடுக்கப்பட்டது. காலம் ஏறத்தாழ கி.மு. 2800. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய உழுத வயல்களுள் இது ஒன்று. பாதுகாப்புக் கருதி அதை மீண்டும் மண்ணால் மூடிவிட்டார்கள். எல்லையைக் காட்டச் சிமெண்டுத் தூண்கள் நிற்கின்றன. அவ்வளவுதான்! தமிழ்நாட்டிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, குளிரில் விறைத்தபடி வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது? சால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கிழக்கு மேற்கான சால்களுக்கிடையே சுமார் 30 செ.மீ. இடைவெளி, வடக்கு தெற்கானவற்றுக்கிடையே சுமார் 190 செ.மீ. அகழாய்வு நடந்த காலத்தில் அக்கம்பக்கத்து உழவர்களும் இதே முறையில் உழுது, நெருங்கிய சால்களில் கொண்டைக்கடலையும் அகன்ற சால்களில் கடுகும் விதைத்து வந்தனர். கடுகுச் செடி உயர்ந்து வளர்வது. கடலைச் செடி குட்டையானது. பழங்காலத்திலும் இவ்வாறே இரு பயிர்கள் விதைத்திருப்பார்கள் என்பது இதிலிருந்து செய்யும் ஊகம்.

சரி, அகன்ற சால்கள் ஏன் வடக்கு தெற்காகவே ஓட வேண்டும்? கதிரவனைக் காரணமாகச் சொல்வதுண்டு. அதை அளந்து பார்க்கத்தான் இந்தக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பதினொரு மணிக்கு மேல் பனி விலகியது. காலிபங்கன் இந்திய நேரக் கோட்டுக்கு வெகு மேற்கே இருப்பதால் அங்கே கதிரவன் உச்சிக்கு வருவது பகல் 12 மணி 34 நிமிடத்துக்கு. அப்போது ஒரு மீட்டர் கோலைத் தரையில் செங்குத்தாக நட்டேன். நிழல் நேர் வடக்கே 132 செ.மீ. நீண்டது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அட்சரேகை 29.5 பாகை, கதிரவன் நடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 பாகை. இரண்டையும் 90-லிருந்து கழித்தால் கதிரவனின் உயரம் சுமார் 37 பாகை. வடிவியல் படித்த மாணவர்களுக்கு இது பழக்கமான கோணம்: 3, 4, 5 பக்கங்கள் கொண்ட முக்கோணத்தில் வருவது. உயரம் 3 என்றால் நிழல் 4.

இனிக் கடுகுக்கு வருவோம். ஒன்றரை மீட்டர் உயரச் செடியின் உச்சி நிழல் 2 மீட்டர். கடுகு வரிசை கிழக்கு மேற்காக இருந்தால், அந்த நிழல் 190 செ.மீ. இடைவெளி முழுவதையும் மூடிவிடும். வெயில் மிகுந்த நேரத்திலேயே கடலைக்கு வெயில் கிட்டாது. வரிசை வடக்கு தெற்காக இருந்தாலோ உச்சி நிழல் வரிசையின் மேலேயே விழுகிறது. காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நிழல் மாறி மாறி விழ, நடுப்பகல் வெயில் கடலைக்குத் தடையின்றிக் கிடைக்கிறது. கோடையில் இந்த வேறுபாடு தோன்றாது. ஜூன் மாத உச்சியில் கதிரவன் 84 பாகை உயரத்தில் நிற்பதால் நிழல் ஒரு சாணைத் தாண்டாது. ஆக, இது குளிர்காலப் பயிருக்கென்றே பொருந்தும் அமைப்பு.

அன்று பூமியின் அச்சுச் சாய்வு இன்றைவிட அரைப் பாகை அளவு கூடுதலாக இருந்தது. எனவே அவர்கள் வயலில் நிழல் இன்னும் சில சென்டிமீட்டர் நீண்டிருக்கும்.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்தா உழுதார்கள் என்று கேட்கலாம். கோணங்களை அளந்திருக்க மாட்டார்கள். நிழலில் வெளிறிப்போன செடியை ஒரு பருவம் பார்த்தவர், அடுத்த பருவம் ஏரைத் திருப்பிப் பிடித்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன். அந்த ஏர் மரத்தாலானதாகவே இருந்திருக்கும். மரம் மண்ணில் மட்கிவிட்டது. ஹரியானாவிலுள்ள பனாவலியில் கிடைத்த சுடுமண் ஏர் பொம்மை ஒன்று, ஹரப்பா காலத்து ஏரின் வடிவத்தை நமக்குக் காட்டுகிறது. வளைந்த ஏர்க்காலும் கூரிய கொழுமுனையும் கொண்ட அதை நம் ஊர் உழவரிடம் காட்டினால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.