புலி வந்தபோது அவள் என்ன வேலை செய்துகொண்டிருந்தாள்?

தமிழ்ப் பெண்ணின் வீரத்தைப் பேச மேடையேறுகிறவர்கள் அநேகமாக ஒரு முறத்தோடுதான் ஏறுவார்கள். முறத்தால் புலியை விரட்டியவள் எங்கள் மறத்தி என்பார்கள். அரங்கில் கைதட்டல் எழும். அவள் கையில் ஏன் முறம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள், அதனால் இருந்தது. வீட்டில் வேல் இருந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு யாரோ எங்கோ போயிருப்பார்கள். முறம் அவள் தேடி எடுத்த ஆயுதம் இல்லை. புலி வந்த நேரத்தில் அவள் கையில் இருந்த வேலை அது.

சங்க இலக்கியத்திலும் பெண்ணுக்கு அருகில் புலி உண்டு. புறநானூற்றின் 86-ஆம் பாடலில் காவற்பெண்டு தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கற்குகைக்கு ஒப்பிடுகிறாள். மகன் புலி, தாய் அவன் இருந்துவிட்டுப் போன இடம். குறிஞ்சித் திணையில் இரவில் வரும் தலைவனின் வழியில் புலி இருக்குமோ என்று தலைவி அஞ்சுகிறாள். பகலெல்லாம் அதே மலையில் தினைப்புனம் காப்பவளும் அவள்தான். பரணில் ஏறித் தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டுவது ஒரு வேலை. அந்த வேலையைக் காதல் நிகழும் களமாகவே படித்துப் பழகிவிட்டோம். காட்டு விளிம்பில் நாள் முழுதும் இருக்கும் அவளுடைய பாதுகாப்பு பற்றி நம் வகுப்பறைகளில் பேச்சே எழுவதில்லை.

விலங்கால் கொல்லப்பட்டவர்களின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு திரும்பப் படிக்க வேண்டும். அதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு நூலையே எடுத்துக்கொள்ளலாம்.

ஜிம் கார்பெட்டின் குமாயுன் வேட்டை நூல் 1944-இல் வெளிவந்தது. அதில் முதல் கதை சம்பாவத் பெண்புலியுடையது. நேபாளத்திலும் பின்னர் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்தப் புலியைக் கார்பெட் 1907-இல் சுட்டார். தலைமுறை தலைமுறையாக இது ஒரு வேட்டைக்காரரின் துணிச்சல் கதையாகவே படிக்கப்பட்டு வருகிறது. இறந்தவர்களின் பக்கம் நின்று படித்தால் அதே பக்கங்களில் வேறொரு ஆவணம் கிடைக்கிறது.

பாலி என்ற ஊரில் பெண்கள் கூட்டமாக மாட்டுத் தீவனத்துக்கு ஓக் மரத்தில் தழை ஒடிக்கிறார்கள். மரத்திலிருந்து இறங்கும் ஒருத்தியின் காலைப் புலி கவ்வுகிறது. அதற்குப் பிறகு ஐந்து நாள் ஊர் கதவடைத்துக் கிடக்கிறது. வாசலைத் தாண்டப் பயந்ததால் முற்றங்களே நாறிக் கிடந்ததைக் கார்பெட் எழுதுகிறார். சம்பாவத்தில் கடைசியாக இறந்தவள் பதினாறு, பதினேழு வயதுப் பெண். சுள்ளி பொறுக்கப் போன கூட்டத்தில் ஒருத்தி. தழை, சுள்ளி, புல். புலிக்குப் பெண்ணின் மாமிசம் பிடித்துவிட்டது என்று சொல்வது எளிது. காட்டுக்குள் தினமும் யார் போனார்கள், எந்த நிலையில் குனிந்தும் தொங்கியும் நின்றார்கள், யாருடைய இரண்டு கைகளும் வேலையில் இருந்தன என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

அந்த நூலில் என்னை விடாமல் பின்தொடர்கிறவள் ஒருத்தி. அக்காவும் தங்கையும் புல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். புலி அக்காவைத் தூக்கிப் போகிறது. தங்கை அரிவாளை ஓங்கியபடி பின்னாலேயே ஓடுகிறாள். அக்காவை விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள் என்று கத்துகிறாள். புலி திரும்பி அவள்மேல் பாய வருகிறது. அவள் ஊருக்கு ஓடிவந்து நடந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது பேச்சு வரவில்லை. ஏறத்தாழ ஓராண்டு பேசாமலே இருந்தாள். புலியைச் சுட்ட பிறகு கார்பெட் அவள் வீட்டுக்குப் போய்த் தோலை விரித்துக் காட்டினார்; அவளுக்குப் பேச்சு திரும்பியது என்று அந்தப் பகுதி முடிகிறது.

முறத்தால் புலி விரட்டியவளின் உண்மையான உடன்பிறப்பு இவள். இவளும் கையிலிருந்த வேலைக்கருவியோடுதான் புலியை எதிர்த்தாள். இவளுக்குக் கிடைத்தது புகழ் இல்லை. ஊமையாய்ப் போன ஒரு வருடம். அவள் பேச்சு திரும்பியதை நூல் சொல்கிறது. திரும்பிய பேச்சில் என்ன சொன்னாள், மறுவாரம் புல் அறுக்க யார் போனார்கள் என்பது நூலில் இல்லை. அக்கா இறந்தாலும் மாட்டுக்குப் புல் வேண்டும். அவளோ அந்த வீட்டின் வேறொரு பெண்ணோதான் போயிருக்க வேண்டும்.

இன்னொரு தகவலும் அதே கதையில் இருக்கிறது. செத்த புலியின் வலப்பக்கக் கோரைப்பற்களில் மேல்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் குண்டு அதற்குக் காரணம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது என்று கார்பெட் முடிவுசெய்கிறார். பெயர் தெரியாத யாரோ ஒருவரின் குறி தவறிய குண்டு. அதன் விலையைக் கொடுத்தவர்களில் தழைக்கும் சுள்ளிக்கும் போன பெண்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்து அரசு விலங்குகளின் தலைக்கு விலை வைத்திருந்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியாவில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகளும், 1,50,000-க்கும் மேற்பட்ட சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். அதே அரசுதான் காட்டையும் எடுத்துக்கொண்டது. 1878-இல் வனச் சட்டம் வந்தது. 1893-இல் குமாயுனில் அளக்கப்படாத நிலம் முழுவதும் அரசுப் பாதுகாப்புக்குள் வந்தது. தழை ஒடிக்கவும் மாடு மேய்க்கவும் கட்டுப்பாடுகள் வளர்ந்தன. எதிர்ப்பு முற்றி 1921-இல் குமாயுன் காடுகளில் மக்களே தீ வைத்தார்கள். மலை ஆண்கள் பட்டாளத்துக்கும் சமவெளி வேலைக்கும் போனார்கள். வீட்டில் மாடும் அடுப்பும் பெண்ணும் மிஞ்சின. ஒரு பக்கம் வனக்காவலர், மறுபக்கம் புலி, நடுவில் அவள் சுமக்கும் புல்கட்டு.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மலைப்பகுதிப் பெண்கள் காட்டை வெட்டித் தள்ளுங்கள் என்று கேட்கவில்லை. 1974 மார்ச்சில் கட்வாலின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் அவரோடு சேர்ந்த பெண்களும் வெட்ட வந்தவர்களை மறித்து நின்றது சிறுத்தையும் கரடியும் உலவும் காட்டுக்காகத்தான். விலங்கா மனிதரா என்று நகரத்தில் உட்கார்ந்து நடத்தப்படும் வழக்கில் அவர்கள் எந்தப் பக்கமும் சேரமாட்டார்கள். காடு அவர்களுக்கு வேலைத்தலம். வேலைத்தலத்தில் பாதுகாப்பு கேட்பதும் வேலைத்தலத்தைக் காப்பதும் முரண் இல்லை.

வேலைத்தலம் என்ற இந்தச் சொல்லோடு நம் ஆனைமலைக்கு வரலாம். வால்பாறை மேட்டுநிலத்தில் 1890-களிலிருந்து மழைக்காடு அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. சமவெளியின் வறண்ட ஊர்களிலிருந்து நிலமற்ற குடும்பங்களைக் கங்காணிகள் மலையேற்றினார்கள். கொழுந்து பறிக்கும் வேலை பெண்களுடையதாயிற்று. இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலைத் தோட்டமும் துண்டுக் காடும், அதைச் சுற்றிலும் புலிகள் காப்பகமும் பிற காடுகளும். சிறுத்தைக்கு இடுப்புயரத் தேயிலைப் புதர் நல்ல மறைவு. லைன் வீடுகளின் நாயும் ஆடும் கோழியும் எளிதான இரை. அது அங்கே புதிதாக வந்த விலங்கு இல்லை. தோட்டம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

இங்கே சிறுத்தையிடம் அதிகம் சிக்கியவர்கள் குழந்தைகள். பெரும்பாலும் மாலை மங்கும் நேரத்தில், வீட்டருகில். 2025 ஜூனில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை வீட்டருகிலிருந்தே இழுத்துப் போனது. இப்படி நடக்கும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, அம்மா எங்கே போயிருந்தாள் என்பது. விடை எல்லோருக்கும் தெரியும். பகல் முழுதும் கொழுந்து பறித்து, இலை நிறுத்து, தண்ணீர் பிடித்து, விறகு சேர்த்து, அடுப்பு மூட்டும் நேரம் அது. சிறுத்தை வெளியே கிளம்பும் நேரமும் அதுதான்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண் தொழிலாளர் இருக்கும் தோட்டத்தில், அல்லது அவர்களின் குழந்தைகள் இருபது பேர் இருந்தால், குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. குடியிருப்பும் கழிப்பிடமும் அதே சட்டம் விதித்திருந்த கடமைகள். ஆனால் காப்பகம் தோட்டவேலை நேரத்தோடு மூடுகிறது. பெண்ணின் இரண்டாவது வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சட்டம் அதை வேலையாகவே எண்ணியதில்லை. அந்த இரண்டு மணி நேர இடைவெளியில்தான் குழந்தை வாசலில் நிற்கிறது.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கூண்டு வருகிறது. ஆட்கொல்லி என்று உறுதியான விலங்கைப் பிடிக்கத்தான் வேண்டும். பிடித்து வேறிடத்தில் விட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் ஒரு பாடம். கரும்பு வயல்கள் நிறைந்த அந்தப் பகுதியில் 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பேர் சிறுத்தையால் தாக்கப்பட்டார்கள். 2001 முதல் 2003 வரை சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து இடம் மாற்றினார்கள். தாக்குதல்கள் ஆண்டுக்குப் பதினேழாக ஏறின என்று வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்ந்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். கூண்டு கண்ணுக்குத் தெரியும். செய்தியில் படமாக வரும். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கும், வீட்டுக்குள் ஒரு தண்ணீர்க் குழாயும், விறகுக்கு மாற்றாய் அடுப்பும், இருட்டும்வரை திறந்திருக்கும் காப்பகமும் செய்தியாவதில்லை. ஆனால் சிறுத்தைக்கும் குழந்தைக்கும் நடுவில் நிற்கக்கூடியவை அவைதான்.

வனத்துறையின் பதிவில் இறந்தவரின் பெயர், வயது, ஊர், எந்த விலங்கு என்பவற்றோடு இன்னொரு பத்தியும் சேர வேண்டும்: அந்த நேரத்தில் அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்? குழந்தையென்றால், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தவர் என்ன வேலையில் இருந்தார்? பத்து ஆண்டு அந்தப் பத்தியை நேர்மையாக நிரப்பினால், விளக்கு எங்கே வேண்டும், குழாய் எங்கே வேண்டும், காப்பகம் எத்தனை மணிவரை வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். முறத்தையும் அரிவாளையும் புகழ்வதை அதுவரை ஒத்திவைக்கலாம்.