தீப்புண்ணும் விளையாட்டும்

தீயிற் சிக்கியவரின் உயிரைக் காத்தல் வைத்தியத்தின் முதற் கடமை. காத்த உயிருக்குப் பயன்படும் கையையும் காலையும் மீட்டுக் கொடுத்தல் இரண்டாம் கடமை. இரண்டாவது நெடியது, நோவு மிக்கது. ஆழ்ந்த தீப்புண் ஆறும்போது அவ்விடத்துத் தோல் சுருங்கி இறுகும். நாள்தோறும் மூட்டுகளை மடக்கி நீட்டாவிடின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடக்கூடும். அசைத்தால் வேதனை, அசையாவிடின் ஊனம் என்னும் இந்த இக்கட்டைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாற்றிலே விளையாட்டுக்கும் ஓர் இடமுண்டு.

இரண்டாம் உலகப் போரிலே தீக்காயமுற்ற விமானிகள் பலர், இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரிலுள்ள விக்டோரியா மகாராணி வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்டனர். அக்காலத்தில் தீப்புண்மீது தனிக் அமிலம் பூசுவது வழக்கம். தோல் பதனிட உதவும் அப்பொருள் புண்ணை இறுக்கி விரல்களை முடக்கிற்று. கடலில் வீழ்ந்த விமானிகளின் புண் நன்கு ஆறுவதைக் கண்ட சத்திரவைத்தியர் ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ, அப்பூச்சை விலக்கி உப்புநீர்க் குளியலைக் கைக்கொண்டார். அத்துடன் அமையாது, நோயாளரை ஊருக்குள் உலாவி மக்களோடு கூடி மகிழவும் விட்டார். 1941இல் அந்நோயாளர், சோதனைக்குரிய பிராணிகளாகத் தம்மைக் கேலிசெய்து, "கினிப்பன்றிச் சங்கம்" என்றொரு சங்கமும் அமைத்தனர். உடல் தேற உள்ளமும் எழவேண்டும் என்பது அங்கே விளங்கிற்று.

ஆயினும், பயிற்சி வேளையின் நோவு எஞ்சியே நின்றது. படுத்திருக்கும்போது நோவைத் தணிக்கும் மோர்பின், மூட்டை நீட்டும்போது பெரும்பாலும் போதாது. 1965இல் மெல்சாக், வோல் என்னும் அறிஞர் இருவர், நோவுச் செய்தி முண்ணாணிலே ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகின்றதென்றும், அவ்வாயிலை மூளையும் கட்டுப்படுத்த வல்லதென்றும் ஒரு கொள்கையை வெளியிட்டனர். கவனம் வேறிடம் சென்றால் நோவு குறைவதேன் என்பதற்கு அது விளக்கமாயிற்று.

1990களின் பிற்பகுதியிலே அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே ஹன்டர் ஹொஃப்மன், டேவிட் பாட்டர்சன் என்னும் உளவியலறிஞர் இதனைச் செயற்படுத்தினர். கணினி படைக்கும் மாயவுலகொன்றைத் தலைக்கவசத்தின் மூலம் நோயாளர்க்குக் காட்டினர். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 12 நோயாளர் மூன்று நிமிடம் வெறுமனேயும் மூன்று நிமிடம் மாயவுலகினுள்ளும் இருந்து மூட்டுப் பயிற்சி செய்தனர். மாயவுலகினுள் நோவு குறைந்ததெனக் கூறினர். இவர்கள் படைத்த "பனியுலகம்" என்னும் விளையாட்டிலே, நோயாளர் பனிப் பள்ளத்தாக்கினூடே மிதந்து சென்று பனிமனிதர்மீது பனிப்பந்து எறிவர். நெருப்பை நினைவூட்டுவது அங்கு எதுவுமில்லை.

அங்கே விளையாட்டு கவனத்தைக் கவர்ந்தது. பயிற்சி வேறாக நடந்தது. 2006இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட "வீ" என்னும் கருவியிலோ, கையை வீசினால் திரையிலுள்ள மட்டையும் வீசும். அதனைச் சிகிச்சைக்குக் கைக்கொண்ட இடங்களிலே விளையாட்டே பயிற்சியாயிற்று. ஆயினும், எந்த மூட்டுக்கு எந்த அசைவு வேண்டுமென்பதைத் தேர்ந்த சிகிச்சையாளரே வகுத்தல் வேண்டும். மருந்துக்கும் தோல் ஒட்டுதலுக்கும் விளையாட்டு ஈடாகாது.

விளையாட்டை வீண்பொழுதெனக் கடிந்துரைப்பது ஆசிரியராகிய எமது வழக்கம். ஆனால், வேதனைக்கு அஞ்சி மடக்கிய கையை, ஒரு பந்தை எறியும் ஆவலினால் ஒரு சிறுவன் தானே நீட்டுவானாயின், அப்பொழுதை வீண் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது.