ஊவா மலைச்சாலையில் வண்டியேறிய நாய்கள்

இலங்கையின் ஊவாப் பகுதியிலுள்ள வெலிமடைக்கு ரயில் வந்ததில்லை. மலைநாட்டுப் பாதை 1894-இல் பண்டாரவளையை எட்டியது. பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆனது. வெலிமடையைத் தொடாமலே தண்டவாளம் போய்விட்டது. ஆகவே இங்கே வந்துபோகும் எதுவும், மனிதரோ மூட்டையோ வளர்ப்பு நாயோ, சாலை வழியாகத்தான் வரவேண்டும். அந்தச் சாலையும் எளிதானதல்ல. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, கெப்பெட்டிபொல, வெலிமடை வழியாக, 700 மீட்டருக்கும் தாழ்வான பதுளைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் வளைந்து வளைந்து இறங்குகிறது. வண்டியில் கூட்டிப்போகத் தோதான நாய் எது என்ற கேள்விக்கு இந்தப் பகுதியில் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

அந்த வரலாறு வேட்டை நாயில் தொடங்குகிறது. நுவரெலியாவில் பண்ணை அமைக்க வந்த சாமுவேல் பேக்கர், 1848-இல் இங்கிலாந்திலிருந்து ‘ஏர்ல் ஆஃப் ஹார்ட்விக்’ என்ற கப்பலில் ஆட்களையும் கருவிகளையும் கால்நடைகளையும் மட்டுமல்லாமல் நரிவேட்டை நாய்களின் கூட்டம் ஒன்றையும் ஏற்றி அனுப்பினார். கொழும்பிலிருந்து மலையேறிய வழியில் அவருடைய குதிரை வண்டி பள்ளத்தில் உருண்டது; உயர்சாதிப் பசு வழியிலேயே செத்தது. அன்றைய மலைச்சாலை எப்படிப்பட்டது என்பதற்கு இதுவே போதும். பேக்கரின் வேட்டைக்களம் ஹோர்ட்டன் சமவெளியோடு நிற்கவில்லை. வெலிமடைக்கு அருகே, 1818 கிளர்ச்சிக் காலத்தில் ஆங்கிலேயர் காவல் அரண் அமைத்த போர்ட் மக்டொனால்ட் பள்ளத்தாக்குவரை மரைகளைத் துரத்திக்கொண்டு அவருடைய நாய்கள் இறங்கின. இங்கிலாந்திலிருந்து வந்த நாய்களை மட்டும் நம்பி இந்த மலையில் வேட்டையாட முடியாது என்று கண்ட அவர், பல இனங்களைக் கலந்து தனக்கென்று ஒரு கூட்டத்தை உருவாக்கினார். அட்டைக்கடி, காட்டுப்பன்றியின் கோரைப்பல், சிறுத்தை ஆகிய மூன்றுக்கும் தப்பியவையே அதில் நிலைத்தன. காலில் வலுவும் மூச்சில் தெம்பும் இருந்தால் போதும். பயணம் முழுவதும் நடைதான்.

கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தோட்டங்கள் பெருகப் பெருக, வேட்டைக்கூட்டம் போய் பங்களா நாய் வந்தது. ஆளரவமற்ற மலையுச்சியில் தனியாக இருந்த வெள்ளைத் தோட்ட நிர்வாகியான தொரைக்கு நாய் காவலும் ஆனது, துணையும் ஆனது. தொரை குதிரையில் மலை சுற்றும்போது அது பின்னால் ஓடியது. அதற்குச் சோறு வைக்கவும் குளிப்பாட்டவும் உண்ணி பிடுங்கவும் பங்களா வேலையாட்கள் இருந்தார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து நாய்களின் கதை வேறு. அவையும் வாசலைக் காத்தன. காய்கறிப் பாத்தியில் இறங்கும் பன்றியை விரட்டின. ஆனால் 1893-இல் வந்த விசர்நாய்க் கட்டளைச் சட்டத்துக்கும், 1901-இல் வந்த நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டத்துக்கும் பின், பதிவும் கழுத்துப்பட்டியும் இல்லாத நாயின் உயிருக்கு உத்தரவாதம் இல்லாமல் போயிற்று. நாட்கூலியில் அரிசியும் மாவும் வாங்கவே திணறிய குடும்பத்துக்கு நாய்க்குப் பணம் கட்டிப் பதிவெடுப்பது எளிதல்ல. வண்டியில் ஏறும் நாய், ஏறாத நாய் என்ற பிரிவு இனத்தால் வந்ததல்ல. அது பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே இருந்த தூரத்தால் வந்தது. இன்று ‘உயர்சாதி நாய்தான் காரில் அமைதியாக இருக்கும்’ என்று சொல்கிறவர்கள் அறியாமலே அந்தப் பழைய பிரிவைத்தான் திரும்பச் சொல்கிறார்கள்.

மோட்டார் பரவுவதற்கு முன் நெடுந்தூரப் பயணத்தில் நாய்க்கு இடம் கிடைப்பதே பெரிய பாடு. இலங்கை சிவில் சேவையில் சேர 1904-இல் வந்த லெனார்ட் வுல்ஃப், சார்ள்ஸ் என்ற கம்பிமுடி டெரியரைத் தம்மோடு கொண்டுவர விரும்பினார். அவர் ஏறிய பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் நாய்களை ஏற்றாது. எனவே அது பிபி லைன் கப்பலில் தனியே கொழும்புக்கு வந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம்வரை எசமானோடு பயணம் செய்தது. டெரியர் இனம் அந்நாளைய வெள்ளையரிடம் அவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு அதன் துணிச்சல் ஒரு காரணம். இருக்கைக்கு அடியிலும் பெட்டிகளுக்கு நடுவிலும் சுருண்டுகொள்ளக்கூடிய அதன் உடலளவு இன்னொரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார் மலைக்கு ஏறியபோது நிலைமை மாறியது. தொடக்கக் காலக் கார்களுக்கு மேலே மடக்கும் கித்தான் கூரைதான். பக்கங்கள் திறந்தே கிடந்தன. குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்க, நாய் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டு போனது. வெளியே பாய்ந்துவிடும் ஆபத்தே அதில் பெரிது. பின்னர் மூடிய கார்கள் பரவியதும் அந்த ஆபத்து குறைந்து வேறொரு தொல்லை கூடியது. வெக்கை, பெட்ரோல் நெடி, தோல் இருக்கையின் வாடை, வெளியே பார்க்க முடியாத தாழ்ந்த தரை எல்லாம் சேர்ந்து நாய்க்கு வாந்தியை வரவழைத்தன.

இந்த வாந்தி வயிற்றுக் கோளாறு அன்று. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் அசைகிறது என்கிறது. கண்ணோ அருகிலிருக்கும் இருக்கையின் முதுகைப் பார்த்து எதுவும் அசையவில்லை என்கிறது. அந்த முரண்பாடே குமட்டலாகிறது. குட்டிகளுக்கு இது அதிகம். வளர்ந்தபின் பலவற்றுக்குத் தானே நின்றுவிடும். ஹக்கலையிலிருந்து கெப்பெட்டிபொலைக்கு இறங்கும் வளைவுகளில் இதைப் படிப்படியாகக் காணலாம். முதலில் நாய் காரணமின்றிக் கொட்டாவி விடும். பிறகு உதட்டை நக்கும். கடைவாயில் எச்சில் நூலாக இறங்கி முன்னங்கால் முடியை நனைக்கும். அதன்பின் தலை தாழும். எச்சில் இறங்கும்போதே காரை ஓரங்கட்டிக் கீழே இறக்கி நாலு எட்டு நடக்கவைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்; அந்த அடையாளத்தைத் தவறவிட்டால் இருக்கையில் விரித்த சாக்கைக் கழுவும் வேலைதான் மிச்சம். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துவது பழைய கைமுறை. நாய்களின் பயண வாந்தியைத் தடுக்கும் மரோபிட்டன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2007-இல் அனுமதி தந்தது. அது மிருக வைத்தியர் எடை பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. கடைசி வெள்ளைத் தொரைமாரும் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பழக்கங்களில் பங்களா நாயும் ஒன்று. ஆனால் இப்போது வெலிமடையில் வண்டி வைத்திருப்பவர் தோட்ட நிர்வாகி மட்டுமல்லர். உருளைக்கிழங்கும் போஞ்சியும் கரட்டும் பயிரிடும் விவசாயி, ஆசிரியர், கடைக்காரர், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் எனப் பலரிடமும் சிறு காரோ வேனோ ஆட்டோவோ உண்டு. விசர்நாய் ஊசிக்குக் குட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோவதே பல குடும்ப நாய்களின் முதல் பயணம். கதவில்லாத ஆட்டோவில் குட்டியைப் பட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூடையில் வைத்து மூடியைக் கட்டுவது இன்னும் நல்லது.

அந்த முதல் பயணம் ஊசிக்குத்தலில் முடிந்தால், வண்டி என்றாலே நாய் நடுங்கும். குட்டி மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம்வரை சந்திப்பவற்றைத்தான் வாழ்நாள் முழுதும் இயல்பானவையாக ஏற்கும் என்பது நாய்களின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை. அந்த வாரங்களுக்குள் நிறுத்திய காரில் சற்று உட்காரவைத்து, பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, பிறகு தெருமுனைவரை என்று பழக்கினால் லயத்தில் பிறந்த ஊர்க்குட்டியும் லெப்ரடோருக்குச் சற்றும் குறையாமல் பயணம் செய்யும். குட்டியைத் தெரிவு செய்யும்போது தாயைப் பார்ப்பது பயன் தரும்: புதிய ஆளையும் திடீர் ஓசையையும் கண்டு தாய் பதறாவிட்டால் குட்டியும் பெரும்பாலும் அப்படியே வரும்.

இனம் முக்கியமாவது இரண்டு இடங்களில். ஒன்று, உடலளவு. ஐந்து பேர் நெருக்கி உட்காரும் சிறிய காரில் ஜெர்மன் ஷெப்பர்ட் படுக்க இடமிராது. திரும்பிப் படுக்க முடியாத நாய் வளைவுக்கு வளைவு நிலைதடுமாறும். அந்தத் தடுமாற்றமே பயமாகும். மற்றது, வெப்பம். வெலிமடைக் குளிரில் சுகமாக வளரும் அடர்முடிப் பொமேரியனோ தட்டைமூக்குப் பக்கோ, ஹப்புத்தளை கடந்து பெலிஹுல்ஓயா வழியாகத் தாழ்நிலத்துக்கு இறங்கும்போது சில மணி நேரத்தில் வேறொரு தட்பவெப்பத்துக்குள் போகிறது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் வெக்கையைத் தணிக்கிறது. மூக்குக் குறுகிய இனத்துக்கு அந்த வழியும் குறைவு. கொழும்புவரை போகும் வீட்டார் நீள்மூக்கும் குட்டை முடியும் நடுத்தர உடலும் உள்ள நாயை எடுப்பதே நியாயம். ஊர் நாய்களில் பெரும்பாலானவை அந்த அளவில்தான் இருக்கின்றன. எந்த இனமானாலும், சாப்பிட நிறுத்தும் இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நின்ற காரில் நாயை விட்டுப்போகக் கூடாது. நிமிடக்கணக்கில் உள்ளே சூடு ஏறி உயிரை வாங்கிவிடும்.