திறக்குமுன் காணல்

மண்டையோட்டைத் திறந்த பின்னரே உள்ளிருப்பதை அறிந்த காலமொன்று இருந்தது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டிற்று. மூளை அதில் புலப்படவில்லை. 1918-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் டாண்டி, மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். அவ்வறைகள் விலகியிருப்பின் அருகே கட்டி உண்டென்பது ஊகம். நோயாளி பட்ட வேதனையோ பெரிது.

1971 அக்டோபர் 1-ஆம் நாள், இலண்டன் விம்பிள்டனில் ஒரு பெண்மணியின் தலையை ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி பல கோணங்களில் எக்ஸ்ரே கொண்டு அளந்தது. கணிப்பொறி தொகுத்தளித்த படத்தில் கட்டி தெரிந்தது. ஹவுன்ஸ்ஃபீல்ட் மருத்துவரல்லர், பொறியாளர் என்பதை நாம் வியப்புடன் குறிக்கின்றோம்.

ஆயினும் கட்டியின் இடம் தெரிந்தால் போதுமா? பேச்சுக்குரிய பகுதி அதனருகே இருப்பின், கட்டியோடு பேச்சும் போய்விடுமே! பாரிஸின் புரோக்கா 1861-இல் அப்பகுதியைக் கண்டது, பேச்சிழந்த நோயாளி இறந்த பின்னர்தான். 1990-இல் செய்ஜி ஒகாவா, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் மாற்றத்தைக் காந்தக் கருவியில் காணலாமென்று காட்டினார். அதன் பயனாக, நோயாளி சொற்களை நினைக்கையிலேயே உழைக்கும் பகுதி பின்னாளில் படத்தில் தெரியலாயிற்று. நரம்பிழைகள் செல்லும் வழியையும் மற்றொரு முறை வரைந்து தருகிறது. கத்தி எவ்வழி செல்வது, எங்கே நிற்பது என்பதை அறுவைக்கு முன்னரே மருத்துவர் ஆராய்கிறார். ஐயம் நீங்காதவிடத்து, முன்னர் மொன்ட்ரியாலில் பென்ஃபீல்ட் செய்தவாறே, நோயாளியை விழிக்கச்செய்து பேசவைத்துக்கொண்டே அறுப்பது இன்றும் உண்டு.